நின்றால் ஓடும் மீன்

ரெட்டேரிக் கரையில் தூண்டில் போடும் பெரியவர் ஒருவர், நான் பக்கத்தில் போனாலே "குந்து தம்பி, குந்து" என்பார். பேசினால் கண்டுகொள்ள மாட்டார். நின்றாலோ தொப்பென்று கால் வைத்தாலோதான் கோபம் வரும். அவர் கோபத்தில் அசல் இயற்பியல் இருக்கிறது.

காற்றிலிருந்து தண்ணீருக்குள் நுழையும் ஒளி வளையும். அதனால் வானம், மரம், நாம் எல்லாமே மீனுக்கு ஏறத்தாழ 97 பாகைக் கூம்புக்குள் சுருங்கி, தலைக்கு மேல் ஒரு வட்டச் சன்னலாகத் தெரியும். வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு வெறும் கண்ணாடிதான். ஏரியின் தரை அதில் பிரதிபலிக்கும். 1 அடி ஆழத்தில் இருக்கும் மீனுக்குச் சன்னலின் அகலம் சுமார் இரண்டேகால் அடி. ஆழம் குறையக் குறையச் சன்னலும் சிறுத்துப்போகும், ஆனால் அதில் தெரியும் உலகம் குறையாது.

மீன் கண்ணில் படாமல் தப்பிக்க நமக்கு வழி சன்னலின் ஓரத்தில் இருக்கிறது. தாழ்வான கோணத்தில் வரும் ஒளியில் கணிசமான பங்கு மேற்பரப்பிலேயே தெறித்துவிடும், உள்ளே போவதும் நசுங்கிப்போகும். ஆகவே நீர்மட்டத்திலிருந்து 10 பாகைக்குக் கீழே இருப்பவர் மீனுக்குச் சரியாகத் தெரியமாட்டார். 30 அடி தள்ளி என்றால் ஐந்தேகால் அடி உயரம் வரை பரவாயில்லை. 15 அடியில் இரண்டரை அடிதான், குந்தினாலும் குனிய வேண்டும்.

அப்புறம் சத்தம். நம் பேச்சு நீர்ப்பரப்பில் பட்டு ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். காலடி அதிர்வோ மண் வழியாக நேரே தண்ணீருக்குள் இறங்கும்.

ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில் 1907-ல் டிரவுட் மீன் குஞ்சுப் பொரிப்பகம் அமைத்தார்கள். டிரவுட்டுக்குப் பூச்சி போல இறகு கட்டிய தூண்டில் வீசுகிறவர்களுக்கு, அசையாத தெளிந்த நீரில் இன்னொரு தொல்லை உண்டு. மிதக்கும் தூண்டில் நரம்பு மேற்பரப்பை லேசாகக் குழித்துவிடும். அந்தக் குழி லென்ஸ் போல ஒளியை விலக்கி, நரம்பைவிடத் தடித்த நிழலைத் தரையில் போடும். அதற்காக நுனி நரம்பில் களிமண் குழம்பைத் தேய்த்து எண்ணெய்ப் பசையைப் போக்குவார்கள். நரம்பு அமிழ்ந்ததும் குழியும் போய்விடும். எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது.

ரெட்டேரியின் கலங்கல் தண்ணீரில் அதற்கு வேலையில்லை. ஆனால் அங்குள்ள விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, காற்றை விழுங்க அடிக்கடி மேலே வந்தாக வேண்டும். அப்படி வரும்போது கலங்கல் அதற்கு மறைப்பதில்லை. கரையில் யாராவது நின்றுகொண்டிருந்தால் அந்த நொடியில் பார்த்துவிடும்.