இசக்கயா: பேருக்குள்ளேயே ஒரு 'இரு'

ஜப்பான் பயணக் கட்டுரைகளில் 'இசகாயா' என்ற சொல் அடிக்கடி வருகிறது, உட்கார்ந்து மதுவும் உணவும் அருந்தும் கடை அது, பலரும் அதை 'பார்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். முதலில் எழுத்தைப் பார்ப்போம். ஜப்பானிய மொழியில் இந்தச் சொல்லின் நான்கு அசையும் குறில்தான். 'இசகயா' என்று எழுதினால் நாம் நடுவில் உள்ள க-வை மெலித்து வாசித்துவிடுவோம், அதனால் இசக்கயா என்று எழுதலாம் என்பது என் கட்சி.

சொல்லைப் பிரித்தால் இ, சகே, யா. யா என்றால் கடை, சகே என்றால் மது. கூட்டுச்சொல்லில் சகே 'சக' என்று திரிகிறது, முதல் ஒலியும் மாறுகிறது. நம் புணர்ச்சி மாதிரிதான். மிச்சமிருக்கும் 'இ' தான் சுவாரசியம். அது 'இரு' என்ற வினையிலிருந்து வருவது, பொருளும் இருத்தல், தங்குதல்! உடனே துள்ள வேண்டாம். பழைய ஜப்பானியத்தில் அது 'விரு' என்பதற்கு நெருக்கமாக ஒலித்தது, எனவே தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம்.

ஜப்பான் வரலாற்றில் 'எதோ' (Edo) எனப்படும் காலத்தில் (1603–1868) மதுக்கடைக்குப் பெயர் சகயா. அளந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டிய கடை. சிலர் அங்கேயே இருந்து குடிக்க ஆரம்பித்தார்கள், கடைக்காரரும் தொட்டுக்கொள்ள ஏதாவது கொடுத்தார், அப்படி 'இருந்து குடிக்கிற கடை' தனித் தொழிலானது. தொட்டுக்கொள்வதற்கும் ஒரு சொல் உண்டு, சகன. சகே + ன, அதாவது மதுவுக்கான தொடுகறி. மீனே அதிகம் தொடுகறியானதால் பிற்பாடு மீனுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இன்றைய இசக்கயாவில் உட்கார்ந்ததும் கை துடைக்க ஈரத்துண்டு வரும். 'தொரியாஏசு பீரு' (இப்போதைக்கு ஒரு பீர்) என்பார்கள். கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதோ ஊறவைத்த காய் வரும், அதுதான் ஒதோஷி. இலவசம் என்று நினைத்தால் பில்லில் ஆளுக்கு 300, 400 யென் இருக்கும், உட்கார்ந்ததற்கான காசு அது. அப்புறம் எதமமே என்கிற வேகவைத்த பச்சை சோயாக் காய், கோழிக்கறி குத்திச் சுட்ட யகிதொரி எனத் தட்டு தட்டாக நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள், கடைசியில் ஒரு ராமென்னோ சோறோ.

சரி, தமிழில் என்ன சொல்வது? மதுக்கடை என்றால் சாப்பாடு போய்விடுகிறது, உணவகம் என்றால் மது போய்விடுகிறது. ஈழத்தில் மதுக்கடைக்கு வழங்கும் 'தவறணை' அருகில் வருகிறது, ஆனால் அதுவே போர்த்துகீசியச் சொல். என் தேர்வு அருந்தகம். உணவும் அருந்தலாம், மதுவும் அருந்தலாம், ஒரே வினையில் இரண்டும் அடங்குகிறது. 'இருந்தருந்தகம்' இன்னும் சரி, ஆனால் இரண்டு கோப்பைக்குப் பிறகு சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. வாசலில் தொங்கும் சிவப்புக் காகித விளக்குக் கூண்டை வைத்து இந்தக் கடையையே 'அகசோசின்' என்பார்கள். அதைத் தயவுசெய்து 'சிவப்பு விளக்கு' என்று மொழிபெயர்க்காதீர்கள்.