டைனமோ வண்டியில் சார்ஜ் ஏறவில்லையா? பேட்டரி வாங்கும் முன் இதைப் பாருங்கள்

பழைய அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்கள் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போது பெரும்பாலும் புது பேட்டரியோடுதான் வருகிறார்கள். "போட்டு ஒரு வாரம்கூட ஆகலை, காலைல செல்ஃப் எடுக்கல" என்பார்கள். பேட்டரி பாவம், என்ன செய்யும்? அதற்குச் சார்ஜ் வந்தால்தானே!

எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி அந்தக் காலத்தில் டைனமோ, இன்று ஆல்டர்னேட்டர். டைனமோ வண்டியை இன்றைய ஆல்டர்னேட்டர் வண்டியைப் போல நினைக்கக் கூடாது. ஐடிலில் டைனமோ கிட்டத்தட்ட ஒன்றும் தராது. சிக்னலில் நிற்கும்போது டேஷ்போர்டில் சார்ஜ் எச்சரிக்கைக்கான சிவப்பு விளக்கு மங்கலாக மினுக்கினால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் அணைய வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சிவப்பு விளக்கையே ஒரு மீட்டராகப் படிக்கலாம்: டைனமோ வோல்டேஜுக்கும் பேட்டரி வோல்டேஜுக்கும் வித்தியாசம் இருந்தால்தான் அது எரியும். ஒரு அம்பாசடர் வந்தது. ரேஸ் கொடுத்தால் விளக்கு முதலில் மங்கி, பிறகு முன்பைவிடப் பளீரென்று எரிந்தது. வேறொரு இடத்தில் டைனமோ போய்விட்டது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உண்மையில் டைனமோ தேவைக்கு மேலேயே வோல்டேஜ் தந்துகொண்டிருந்தது. அதைப் பேட்டரியோடு இணைக்க வேண்டிய தானியங்கி சுவிட்சான கட்-அவுட்டின் பாயின்ட்டுகள் ஒன்றோடொன்று சேரவே இல்லை. கட்-அவுட் பெட்டியின் ‘இ’ முனையிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரின் அடியில் பெயின்ட்டும் துருவும். எர்த் இல்லாவிட்டால் கட்-அவுட் காயிலும் வேலை செய்யாது, அதே பெட்டியில் வோல்டேஜை அளவோடு வைக்கும் ரெகுலேட்டரின் காயிலும் வேலை செய்யாது. சுரண்டி, ஸ்க்ரூவை முறுக்கியதும் சார்ஜ் ஏறியது. புது பேட்டரிக்குக் கொடுத்த காசு போனது போனதுதான்.

டைனமோவைச் சுழற்றும் பெல்ட்டும் எர்த்தும் சரியாக இருந்தும் சார்ஜ் இல்லையென்றால் டைனமோவைத் தனியாகச் சோதியுங்கள். ‘டி’ (டைனமோ கரன்ட் வெளியே வரும் முனை), ‘எஃப்’ (ஃபீல்டு காயில் முனை) ஒயர் இரண்டையும் டைனமோவிலிருந்து கழற்றி, டைனமோவின் அந்த இரண்டு முனைகளையும் சின்ன ஒயரால் இணையுங்கள். அங்கிருந்து பாடிக்கு வோல்ட் மீட்டர். எஞ்சினை ஓடவிட்டு மெல்ல ரேஸ் கொடுத்தால் வோல்டேஜ் தடங்கலில்லாமல் ஏற வேண்டும். 20 வோல்ட் வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் விரட்டினால் காயிலுக்கு ஆகாது. மீட்டர் அசையவே இல்லையென்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது சிக்கியிருக்கும். அரை முதல் 1 வோல்ட் காட்டினால், உள்ளே காந்தப்புலம் உண்டாக்கும் ஃபீல்டு காயிலைச் சந்தேகப்படுங்கள். 4, 5 வோல்ட்டில் நின்றால் நடுவில் சுழலும் ஆர்மேச்சர். ஒழுங்காக ஏறினால் டைனமோவைத் தொடாதீர்கள், கோளாறு ஒயரிலோ பெட்டியிலோ இருக்கிறது.

டைனமோவைக் கழற்றி வேலை பார்த்த பிறகு பொலாரிட்டி கொடுக்க, அதாவது பேட்டரியின் பிளஸ்-மைனஸுக்கு ஏற்ப டைனமோவின் காந்தத் திசையை அமைக்க, மறந்துவிடுகிறார்கள். பாசிட்டிவ் எர்த்தாக (பேட்டரியின் பிளஸ் முனை பாடியில் இணைந்ததாக) வந்த பழைய பிரிட்டிஷ் வண்டியை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றும்போதும் இது கட்டாயம். ‘எஃப்’ ஒயரைப் பெட்டிப் பக்கம் கழற்றி, எர்த் ஆகாத பேட்டரி முனையில் ஓரிரு விநாடி தொட்டு எடுத்தால் போதும். இதைச் செய்யாமல் ஓட்டினால் கட்-அவுட் பாயின்ட் கருகி ஒட்டிக்கொள்ளக்கூடும்.

ஒட்டிக்கொள்வதுதான் ஆபத்து. எஞ்சின் நின்ற பிறகும் பேட்டரி கரன்ட் டைனமோவுக்குள் திரும்பிப் பாயும். சாவியைக் கையில் எடுத்த பிறகும் சிவப்பு விளக்கு எரிகிறதா? உடனே பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள். அப்படியே ஷெட்டில் விட்டுவிட்டுப் போனால் பேட்டரி இறங்குவதோடு நிற்காது. ஒயர் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். பெட்டியைத் தட்டினால் சில சமயம் விடும், அதை ரிப்பேர் என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று லோடு. லூகாஸ் சி40 டைனமோவின் உச்ச அளவே சுமார் 22 ஆம்பியர், அதுவும் ஓட்டத்தில். 60 வாட் ஹாலஜன் இரண்டு போட்டால் ஹை பீமுக்கே 10 ஆம்பியர் போய்விடும். மேலே வைப்பர், இக்னிஷன் காயில், கேபினில் ஒரு ஃபேன், ஸ்டீரியோ. மழை இரவில் டவுன் டிராஃபிக்கில் இத்தனையும் ஓட வேண்டும் என்பவர்கள் ஆல்டர்னேட்டர் போட்டுக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பழைய கட்-அவுட் பெட்டி வழியாக அதன் கரன்ட்டை அனுப்பாதீர்கள். அதற்கேற்ற தடிமனில் தனி ஒயர் இழுத்து, நடுவில் ஃபியூஸ் போடச் சொல்லுங்கள்.