கையாள் ஏன் இப்போது மேசனாவதில்லை?

திருகோணமலையில் வெல்டிங் சொல்லிக் கொடுப்பதும், பட்டறையிலும் கட்டிட வேலையிலும் தொழில் பழகியவர்களைச் சோதித்து என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்குப் பரிந்துரைப்பதும்தான் என் வேலை. அண்மையில் மூதூரிலிருந்து ஒருவர் வந்தார். பத்தொன்பது வருடமாகக் கேட், கிரில், கூரைச் சட்டம் எல்லாம் செய்தவர். அவர் பிடித்த வெல்டிங்கின் கசடைத் தட்டிவிட்டுப் பார்த்தேன், ஒரு ஓட்டை இல்லை, இரும்பு கரைந்த பள்ளம் இல்லை. என்ன சம்பளம் என்று கேட்டதற்குக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "கூலிச் சம்பளம்தான் சேர். என்னட்டப் பழகின பொடியன் கோர்ஸ் முடிச்சிட்டு வந்தான், அவனுக்கு என்னைவிட ஒன்றரை மடங்கு."

அந்தப் பொடியன் மேல் அவருக்குக் கோபம் இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் தேர்ச்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் இடையில் சம்பளம் விலகிக்கொண்டே போகிறது என்று பேசும்போது, கைத்தேர்ச்சி இருந்தும் அதைக் காட்ட ஒரு தாள் இல்லாதவர்கள் எந்தப் பக்கத்தில் எண்ணப்படுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர்.

முன்பு கல் சுமந்து, சாந்து குழைத்துக் கொடுத்த கையாள், இரண்டு மூன்று வருடத்தில் கரண்டியைத் தொடுவான், பிறகு ஒரு சுவர் கட்டிப் பார்ப்பான், அப்புறம் மேசனாவான். சம்பளமும் அப்படியே படிப்படியாக ஏறும். இப்போது அத்திவாரத்தைப் பெக்கோ வெட்டுகிறது, கொங்கிரீட் ரெடிமிக்ஸ் லொறியில் வருகிறது, ஆட்களை ஒப்பந்தக்காரர் இன்று ஒரு இடம், நாளை வேறு இடம் என்று அனுப்புகிறார். ஒரே மேசனோடு ஒரு வருடம் நின்று பழகும் வாய்ப்பே கையாளுக்குக் கிடைப்பதில்லை. மெசின் ஓட்டத் தெரிந்தவருக்கு நல்ல சம்பளம், ஓட்டத் தெரியாதவருக்கு மெசின் விட்டுவைத்த வேலை. நடுவில் இருந்த படிகள் உடைந்துவிட்டன. இடைவெளி கூடுவதற்கு என் கண்ணில் முதல் காரணம் இதுதான்.

வயலிலும் இதே கதை. தம்பலகாமத்திலும் கிண்ணியாவிலும் அருவி வெட்டுக்குக் கூட்டமாகப் போன காலம் நினைவிருக்கும். இன்று நெல் வெட்டும் மெசின் வயலுக்குள் இறங்கினால் வெட்டு, சூடடிப்பு இரண்டும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடுகிறது. களைக்கு மருந்து அடிக்கிறார்கள். இதில் அதிகம் இழந்தது பெண்கள், ஏனென்றால் களை பிடுங்குவது பெரும்பாலும் அவர்களுடைய வேலை, அந்த மெசினை ஓட்டப் பழகுங்கள் என்று அவர்களை யாரும் கூப்பிடவும் இல்லை.

இது திருகோணமலைக்கு மட்டும் வந்த பிரச்சினை அல்ல. 1969-இல் பொருளாதாரத்துக்கான முதலாவது நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட நெதர்லாந்துக்காரர் யான் டின்பெர்கன் இதைத் தொழில்நுட்பத்துக்கும் கல்விக்கும் இடையிலான ஓட்டப்பந்தயமாகப் பார்த்தார். தொழில்நுட்பம் முந்தினால் படித்தவருக்குக் கிராக்கி கூடும், படிப்பு ஈடுகொடுத்து ஓடினால் இடைவெளி குறையும். அமெரிக்காவில் 1980-களிலிருந்து பல்கலைக்கழகம் போனவருக்கும் போகாதவருக்கும் இடையில் சம்பளம் அப்படி விலகியதற்குக் கணினியின் வரவை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள், தொழிற்சங்கங்கள் தளர்ந்ததையும் சேர்த்துத்தான். நம்மைப் போன்ற நாடுகள் வணிகத்தைத் திறந்துவிட்டால் கூலித் தொழிலாளியின் சம்பளம் ஏறும் என்று பாடப்புத்தகம் சொன்னது. பல நாடுகளில் அப்படி நடக்கவில்லை. திறந்த கதவால் ஓடர் மட்டும் வரவில்லை, ஆட்களைக் குறைக்கும் இயந்திரமும் கூடவே வந்தது.

2022-ஐ நாம் மறக்க முடியாது. செப்டெம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். அந்த ஒரே வருடத்தில் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். என்னிடம் படித்த நல்ல வெல்டர்கள் சிலரும் கட்டாருக்குப் போனார்கள். ஆள் குறைந்ததால் இங்கே மிஞ்சிய வெல்டர், வயரிங் வேலைக்காரர் தங்கள் சம்பளத்தைக் கேட்டு வாங்கினார்கள். கூலி வேலைக்கு நின்றவர் என்ன சொல்லிக் கேட்பார்? அவர் போனால் இன்னொருவர் வாசலில் நிற்கிறார். விலைவாசி இருவருக்கும் ஒன்றாகத்தான் ஏறியது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாதம் 10,000 ரூபாவாக இருந்தது. 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி தன் பங்காக 12 சதவீதம் போட வேண்டும், நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 சதவீதம் அவரே கட்ட வேண்டும். 30,000 ரூபா சம்பளம் என்றால் முதலாளியின் பங்கு மட்டும் மாதம் 4,500 ரூபா. நாட்சம்பளக்காரருக்கு இது கிடையாது என்று ஒரு ஒப்பந்தக்காரர் என் மாணவனிடம் சொல்லியிருக்கிறார். அது பொய். மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம், தயங்க வேண்டாம்.

அடுத்தது, அனுபவசாலிகள் கட்டாயம் கேட்க வேண்டியது. ஓ.எல். எழுதவில்லையே, கோர்ஸ் படிக்கவில்லையே என்று ஒதுங்காதீர்கள். முன்கற்றலை அங்கீகரித்து என்.வி.கியூ. கொடுக்கும் முறை இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ, நைட்டா என்ற அரச தொழிற்பயிற்சி நிறுவனத்திலோ போய், "அனுபவத்துக்குச் சான்றிதழ் எடுக்க வேண்டும்" என்று சொன்னால் போதும். மதிப்பீட்டாளர் உங்களை வேலை செய்யச் சொல்லிப் பார்ப்பார், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேள்வி கேட்பார். பயப்பட ஒன்றுமில்லை, நீங்கள் தினமும் செய்கிற வேலைதான்.

ஆனால் செய்த வேலைக்கு ஆதாரம் வேண்டும். அந்த மூதூர்க்காரரிடம் கடையில் கடைசி நேரத்தில் அடித்த இரண்டு படங்கள்தான் இருந்தன, மற்றதெல்லாம் பழைய போனோடு போய்விட்டதாம். பத்தொன்பது வருட வேலையை இரண்டு படத்தில் காட்ட முடியுமா? வேலை கொடுத்தவர்களிடம் கடிதம் வாங்க அவரைத் திருப்பி அனுப்பினேன். ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் கனடாவில். அதனால் இன்றைக்கு நீங்கள் ஒரு கேட் செய்தாலும் அரைச்சுவர் கட்டினாலும் படம் எடுங்கள், வீட்டுக்காரரிடம் திகதி போட்டு நாலு வரி எழுதி வாங்குங்கள், அதை ஒரு பைலில் போட்டு வீட்டில் வையுங்கள்.