சந்தேகப்படுபவருக்கு ஒரு நாற்காலி

வாக்குப்பதிவு காலை 7 மணிக்கு என்றால், 5.30 மணிக்கே பூத்தில் வேலை தொடங்கிவிடும். ஒருவரையொருவர் துளியும் நம்பாத கட்சிகளின் ஏஜென்ட்டுகள் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கண்ணெதிரே வாக்குப்பதிவு மெஷினில் குறைந்தது 50 மாதிரி ஓட்டுகளைப் போட்டு, கணக்கைச் சரிபார்த்து, பிறகு எல்லாவற்றையும் அழிப்பார்கள். ஓட்டு யாருக்குப் போனது என்று சீட்டு அச்சிடும் விவிபேட் கருவியின் பெட்டியில் விழுந்த சீட்டுகளை வெளியே எடுத்து, காலிப் பெட்டியைக் காட்டிவிட்டுத்தான் சீல் வைப்பார்கள்.

தேர்தல் மேல் நமக்குள்ள நம்பிக்கை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உண்டாகிறது. சந்தேகப்படுபவரையே கூப்பிட்டு உட்கார வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

சரி, மெஷினுக்குள் நடப்பதை யார் பார்ப்பது? அதற்குத்தான் விவிபேட். நாம் பட்டனை அழுத்தியதும் கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி சீட்டு தெரியும், அப்புறம் பெட்டிக்குள் விழுந்துவிடும். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 5 பூத்துகளைக் குலுக்கலில் எடுத்து, அந்தச் சீட்டுகளை எண்ணி, மெஷின் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன எண்ணிக்கை இது. 2024-இல் எல்லாச் சீட்டுகளையும் எண்ணக் கோரிய வழக்கை அது ஏற்கவில்லை.

ஐந்து போதுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 300 பூத்துள்ள தொகுதியில் 30 மெஷின்கள் கோளாறானவை என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒன்றாவது மாட்டுவதற்கு வாய்ப்பு சுமார் 41 சதவீதம்தான். அதே அளவு கோளாறு, ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்த ஒரு மக்களவைத் தொகுதி முழுக்க இருந்தால், 30 பூத்துகளை எடுப்பதால் வாய்ப்பு 96 சதவீதத்தைத் தொடும். பரவலான மோசடி தப்புவது கடினம். ஒன்றிரண்டு மெஷின் கோளாறு தப்பிவிடலாம். இரண்டையும் மறைக்காமல் மக்களிடம் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009-இல் இன்னும் ஒரு படி மேலே போனது. 2005 தேர்தலில் மோசடி எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் அதில் வாக்கு இயந்திரங்களைப் பயன்படுத்தியது அரசியலமைப்புச் சட்டத்துக்கு ஒவ்வாதது என்றது. தொழில்நுட்பம் தெரியாத குடிமகனும் தேர்தலின் முக்கியப் படிகளைத் தானே சரிபார்க்க முடிய வேண்டுமாம்.

நம் ஊரில் அப்படிச் சரிபார்க்க ஒரு தாள் உண்டு. வாக்குப்பதிவு முடிந்ததும் பதிவான மொத்த ஓட்டுகளை எழுதி ஏஜென்ட்டுகளுக்குத் தரும் 17சி படிவம் அது. எண்ணும் நாளில் அந்த மெஷின் மேஜைக்கு வரும்போது, ஏஜென்ட் தாளைப் பிரித்து, திரையில் தெரியும் மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.