ஜெர்மனியில் உயர்கல்வி: இலவச ஆலோசனைக்குப் பணம் தருபவர் யார்?

ஜெர்மனியில் கல்விக் கட்டணம் கிடையாது என்று கேள்விப்பட்டு என்னிடம் விசாரிக்க வரும் பெற்றோர் சிலரின் கையில், ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் கட்டணம் கேட்கும் கல்லூரி ஒன்றின் அட்மிஷன் கடிதம் இருக்கிறது. கடிதம் போலியன்று, கல்லூரியும் ஜெர்மனியில்தான் இயங்குகிறது. ஆனால் அது தனியார் கல்லூரி என்பதை முன்பணம் கட்டிய பிறகே அவர்கள் அறிகிறார்கள்.

இதற்கான காரணம் எளிமையானது. அரசுப் பல்கலைக்கழகங்கள் மாணவர்களைச் சேர்த்துவிடும் ஏஜென்டுகளுக்குப் பொதுவாகக் கமிஷன் தருவதில்லை. தனியார் கல்லூரிகள் பல தருகின்றன. எனவே மாணவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்காமல் ஆலோசனை சொல்லும் நிறுவனம், தனக்குப் பணம் தரும் கல்லூரியை நோக்கியே அவரை நகர்த்துவது இயல்பு. நான் கட்டணம் பெற்றுக்கொண்டு ஆலோசனை சொல்பவன் என்பதால், இதில் என் பிழைப்பும் கலந்திருக்கிறது என்று வாசகர் கருதினால் தவறில்லை. அந்த ஐயத்தை என் மீது மட்டுமல்லாமல், இலவசமாகச் சொல்பவர் மீதும் வையுங்கள் என்பதே என் வேண்டுகோள். ஹோக்‌ஷூல்கொம்பாஸ் (Hochschulkompass) என்ற இணையதளத்தில் கல்லூரியின் பெயரைத் தேடினால், அது அரசு நிறுவனமா தனியாரா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

தனியார் கல்லூரிகள் அனைத்தும் தரமற்றவை என்று நான் சொல்லவில்லை. அரசுப் பல்கலைக்கழகம் என்றாலே இலவசம் என்று எண்ணுவதும் சரியன்று. ஷ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடெல்பெர்க் ஆகிய நகரங்கள் அமைந்துள்ள பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து, படிப்பைப் பொறுத்து ஒரு செமஸ்டருக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை கட்டணம் நிர்ணயித்திருக்கிறது.

இடம் கிடைக்குமா என்பதை மாணவர்கள் பெரும்பாலும் தங்கள் சிஜிபிஏ-வை மட்டும் வைத்தே கணிக்கிறார்கள். ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களோ அதை, மிகச் சிறந்த மதிப்பு 1 என்றும் தேர்ச்சியின் கடைசி எல்லை 4 என்றும் கொண்ட தங்கள் அளவுகோலுக்கு மாற்றிக்கொள்கின்றன. அதிகபட்சப் புள்ளியிலிருந்து நீங்கள் பெற்ற புள்ளியைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிக்கான குறைந்தபட்சத்துக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்ட வேண்டும். பத்துக்கு 8.0 பெற்ற இருவரில், தேர்ச்சிப் புள்ளி 5 ஆக உள்ள பல்கலைக்கழகத்தில் படித்தவருக்கு 2.2 வரும், அது 6 ஆக உள்ள இடத்தில் படித்தவருக்கு 2.5 வரும். முதுநிலைப் படிப்புகள் பலவற்றுக்கு 2.5 தான் எல்லை என்பதால், இந்த வேறுபாடு சிறியதன்று. உங்கள் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டுள்ள தேர்ச்சி விதியைப் படித்துவிட்டுக் கணக்கிடுங்கள். மதிப்பெண்ணுக்கு இணையாகப் பாடப் பொருத்தமும் பார்க்கப்படுகிறது. இளநிலையில் இயந்திரவியல் படித்தவர் தரவு அறிவியலுக்கு விண்ணப்பித்து, கணிதமும் கணினியியலும் போதிய அளவு படிக்கவில்லை என்ற காரணத்தால் நிராகரிக்கப்படுவது அடிக்கடி நிகழ்கிறது.

காலக்கெடுவில்தான் பல நல்ல விண்ணப்பங்கள் வீணாகின்றன. இந்திய மாணவர்களின் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்து வழங்கப்படும் ஏபிஎஸ் சான்றிதழ், 2022 நவம்பர் 1 முதல் மாணவர் விசாவுக்குக் கட்டாயமாக உள்ளது. பல பல்கலைக்கழகங்கள் அதை விண்ணப்பத்தின்போதே கேட்கின்றன. அது கைக்கு வர வாரக்கணக்கிலும், நெரிசல் காலங்களில் மாதக்கணக்கிலும் ஆகலாம். அக்டோபரில் தொடங்கும் குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15 பரவலாக அறியப்பட்ட கடைசி நாள் என்றாலும், வெளிநாட்டு மாணவர்களுக்கு மார்ச்சிலோ மே மாதத்திலோ சேர்க்கையை முடித்துவிடும் துறைகள் பல உள்ளன. ஆகவே இறுதித் தேர்வு முடிவு வரட்டும் என்று காத்திராமல், இறுதியாண்டிலேயே ஏபிஎஸ்-க்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது.

அடுத்தது பிளாக்டு அக்கவுண்ட், அதாவது வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்ட முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் முடக்கக் கணக்கு. 2024 செப்டம்பர் முதல் ஓராண்டுக்கு 11,904 யூரோ இந்தக் கணக்கில் இருக்க வேண்டும். ஜெர்மனி சென்ற பிறகு மாதம் 992 யூரோ மட்டுமே அதிலிருந்து எடுக்க முடியும். இத்தொகையை நாங்களே கட்டிவிடுகிறோம், பிறகு வட்டியுடன் திருப்பித் தாருங்கள் என்று சில இடைத்தரகர்கள் முன்வருகிறார்கள். இதை ஏற்கவே வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வேன். மாதந்தோறும் வரும் பணம் தரகருக்கே போய்விட்டால், வாடகைக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் உணவுக்கும் மாணவர் முதல் மாதத்திலிருந்தே பகுதிநேர வேலையை நம்பியிருக்க நேரும். அந்த வேலைக்கும் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் என்ற வரம்பு உண்டு. ஜெர்மன் மொழி தெரியாதவருக்குச் சிறு நகரங்களில் வேலை கிடைப்பதே அரிது. வங்கிக் கல்விக் கடன் இதைவிட எவ்வளவோ மேல்.

விசா மறுக்கப்பட்டால் கட்டணமின்றி மறுபரிசீலனை கேட்கும் வழி முன்பு இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அது உலகெங்கும் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது மறுப்பு வந்தால் மீண்டும் கட்டணம் செலுத்திப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும். எனவே நோக்கக் கடிதத்தைக் கன்சல்டன்சி எழுதித் தந்திருந்தால், நேர்காணலுக்குச் செல்லும் முன்பாவது அதைத் தூக்கி வைத்துவிட்டு, ஏன் இந்தப் படிப்பு, எந்தெந்தப் பாடங்கள், பிறகு என்ன என்பதை உங்கள் சொற்களிலேயே எழுதிப் பாருங்கள். அதிகாரி கேட்கப்போவதும் அவற்றைத்தான்.