ஒளிவிழாப் பொம்மலாட்டத்தில் கொன்னை தட்டும் பிள்ளைக்கு எந்தப் பாத்திரம்?

கார்த்திகை பிறந்தால் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பங்குகளில், கிறிஸ்மஸை ஒட்டி நடக்கும் ஒளிவிழாவுக்கு ஒத்திகை தொடங்கிவிடும். கரோல் கீதம், நாடகம் என்று வழமையானவற்றோடு சில இடங்களில் மறைக்கல்விப் பிள்ளைகளைக் கொண்டு பொம்மலாட்டமும் போடுகிறார்கள். பழைய சொக்ஸில் இரண்டு பொத்தானைத் தைத்தால் ஆட்டுக்குட்டி. காய்ந்த பனங்கொட்டையின் தும்பைச் சீப்பால் வாரிவிட்டால் சூசையப்பரின் தாடி. பழைய சேலை ஒன்றைக் குறுக்கே கட்டினால் மேடையும் தயார்.

பேச்சு மொழிச் சிகிச்சையாளராக எனக்கு இது மிகவும் பிடித்த முயற்சி. ஆனால் பாத்திரங்களைப் பிரித்துக் கொடுக்கும்போது மறையாசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொன்னை தட்டும், அதாவது திக்கித் திக்கிக் கதைக்கும் பிள்ளைக்கு அநேகமாக வசனமே இல்லாத ஆட்டுக்குட்டிதான் கிடைக்கிறது.

இல்லாவிட்டால் செக்கரியா. வானதூதர் சொன்னதை நம்பாததால் பேச்சை இழந்து, மகன் பிறந்த பிறகு பலகையில் 'யோவான்' என்று எழுதிக் காட்டுகிறவர். "அவனுக்குக் கதைக்கக் கஷ்டம்தானே, இது லேசு" என்று நல்ல மனதோடுதான் கொடுக்கிறார்கள். அந்தப் பாத்திரம் கிடைத்த ஒரு சிறுவன் சிகிச்சைக்கு வந்த இடத்தில் என்னிடம் கேட்டான்: "மிஸ், நானும் ஏதோ பிழை செய்ததாலேயோ எனக்கு இப்பிடி?" கதையின் அர்த்தத்தைப் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் கூர்மையாகப் பிடித்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பாத்திரத்தை இந்தப் பிள்ளைகளிடம் திணிக்காதீர்கள்.

திக்குவாய் யாருடைய பிழையும் இல்லை. பேச்சைத் திட்டமிட்டு, நாக்கையும் உதட்டையும் மூச்சையும் ஒருங்கே இயக்கும் மூளையின் வேலையில் உள்ள வேறுபாட்டால் வருவது, பரம்பரையாகவும் வரலாம். பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். ஏறத்தாழ 100 பிள்ளைகளில் 5 பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் வந்து, அநேகருக்குத் தானாகவே போய்விடும். வளர்ந்தவர்களில் 100 பேருக்கு ஒருவர் அளவில் நிலைத்திருக்கிறது. பயம் அதைக் கூட்டும், ஆனால் பயத்தால் மட்டும் அது வருவதில்லை. நாக்கில் வசம்பு உரைத்துத் தடவினாலும் மாறாது.

சரி, பொம்மை இதில் எப்படி உதவுகிறது? முதலாவது, சேலைக்குப் பின்னால் இருக்கும் பிள்ளையின் முகத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. இரண்டாவது, வானதூதர் கபிரியேலின் குரலிலோ கிழட்டு இடையனின் குரலிலோ கதைக்கும்போது பேச்சின் தாளமே மாறிவிடுகிறது. மூன்றாவது, சொக்ஸுக்குள் இருக்கும் கை. நான்கு விரல் மேலே, பெருவிரல் கீழே. புதிதாகப் பழகும் பிள்ளை ஒவ்வொரு அசைக்கும் பொம்மையின் வாயைத் திறந்து மூடும்: "அஞ்-ச வேண்-டாம் மரி-யா." அசைக்கு அசை நிறுத்தித் தாளத்தோடு கதைத்தால் திக்கல் குறையும். நாங்கள் சிகிச்சையில் சொல்லிக்கொடுப்பதற்கு மிகக் கிட்டிய ஒன்றைப் பிள்ளை விளையாட்டாகச் செய்துவிடுகிறது. பலர் சேர்ந்து ஒரே வசனத்தைச் சொல்லும்போதும் திக்கல் பெரும்பாலும் மறைந்துவிடும். வானதூதர் கூட்டத்தின் வாழ்த்து அதற்கு நல்ல இடம். ஆனாலும் பிள்ளையைத் தனியாகக் கேளுங்கள். கொடுங்கோல் அரசன் ஏரோதுவாக வர ஆசைப்பட்டால் ஏரோதுவாகவே வரட்டும்.

குரல்களை முன்கூட்டியே பதிவு செய்து ஸ்பீக்கரில் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். டிசம்பர் மழை தகரக் கூரையில் கொட்டும்போது அது வசதிதான். ஆனால் கதைக்கத் தயங்கும் பிள்ளைக்கு அதன்பிறகு கையை ஆட்டுவது மட்டும்தான் வேலை. மழைச் சத்தத்துக்கு மேலாகக் கத்த வைக்காமல் திரைக்குப் பின்னால் ஒரு மைக்கை வையுங்கள், போதும். கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே கதைப்பது சின்னப் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் களைத்துவிடும். ஒரு மேசையைச் சரித்து வைத்து அதன் பின்னால் முழங்காலில் இருக்க விட்டால் கை அவ்வளவு உயர வேண்டியதில்லை. பனங்கொட்டைத் தலை பாரம், அதைப் பெரிய பிள்ளைக்குக் கொடுங்கள்.

நடுவில் சொல் சிக்கிக்கொள்ளத்தான் செய்யும். பக்கத்தில் இருக்கும் பிள்ளை அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று ஒத்திகையிலேயே பழக்குங்கள். மற்றப் பொம்மைகள் அவனுடைய பொம்மையின் பக்கம் தலையைத் திருப்பிக் காத்திருக்கட்டும். பார்ப்பவர்களுக்கு அது நாடகத்தின் ஒரு கணமாகவே தெரியும். "மெதுவாக் கதை", "மூச்சை இழுத்துப்போட்டுக் கதை" என்று திரைக்குப் பின்னாலிருந்து சொல்லவும் வேண்டாம்.

நான் அதிகம் பயப்படுவது விழா முடிந்த பிறகு நடப்பதற்கு. பொம்மையோடு ஒரு தடங்கலும் இல்லாமல் கதைத்த பிள்ளையை அம்மம்மா கட்டிப்பிடித்து, "பாத்தியே, உன்னால வடிவாக் கதைக்க ஏலும்தானே! பிறகேன் மற்ற நேரம் இப்பிடி?" என்று கேட்பார். பாசத்தில் வரும் கேள்விதான். ஆனால் பொம்மை தந்த இலகு அந்த நேரத்துக்கு உரியது. அடுத்த நாள் திக்கல் திரும்ப வரும்போது, தான் முயலாததால்தான் வருகிறது என்று பிள்ளை நம்பத் தொடங்கிவிடும். "உன்ர ஏரோது நல்லாப் பயங்காட்டினார்" என்று நடிப்பைப் பாராட்டுங்கள். "திக்கிற பிள்ளை இண்டைக்கு எவ்வளவு நல்லாக் கதைச்சது" என்று மைக்கில் அறிவிக்கவே வேண்டாம்.

ஒத்திகை நாட்களில் மறையாசிரியர்களுக்குத் தெரியக்கூடிய சில அறிகுறிகள் உண்டு. சொல் வராதபோது கண்ணை இறுக மூடுவது, தாடை இறுகுவது, சொல்ல வந்ததை விட்டு வேறு சொல்லுக்கு மாறுவது, தன் பெயரைச் சொல்லக்கூடத் தயங்குவது. இவற்றைக் கண்டாலோ, திக்கல் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்தாலோ பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்புங்கள். அரச வைத்தியசாலைகளில் இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. ஒளிவிழா முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லாமல், தாய் தகப்பனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.