சிறப்புப் பயிற்சி மையத்துக்கு மாற்று ஆசிரியராகச் செல்பவர் அறிய வேண்டியவை

சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பகுதிகளில் ஆட்டுக்கிடைகள் வந்து இறங்கும். வாத்துக் கூட்டங்கள் ஊர் விட்டு ஊர் நகரும். செங்கல் சூளைகள் புகையத் தொடங்கும். பிள்ளைகள் பள்ளியிலிருந்து நழுவும் பருவமும் அதுவே. அப்படி நழுவியவர்களையும் பள்ளி வாசலையே மிதிக்காதவர்களையும் வகுப்பறைக்குக் கொண்டுவர அமைந்த ஏற்பாடுதான் சிறப்புப் பயிற்சி. அதை நடத்தும் ஆசிரியர் மகப்பேறு விடுப்பிலோ மாறுதலிலோ சென்றுவிட்டால் அவரிடத்துக்கு வருபவர் எதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும் என்பதை இங்கே பார்க்கலாம்.

இதன் வேர் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் இருக்கிறது. ஆறு வயதைக் கடந்தும் பள்ளியில் சேராத பிள்ளையையும், சேர்ந்து தொடக்கக் கல்வியை (சட்டத்தின்படி எட்டாம் வகுப்புவரை) முடிக்காமல் நின்றுவிட்ட பிள்ளையையும் அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். மற்ற பிள்ளைகளுக்கு இணையாக வருவதற்குச் சிறப்புப் பயிற்சி பெறுவது அதன் உரிமை. 14 வயது கடந்துவிட்டாலும் தொடக்கக் கல்வி முடியும்வரை கட்டணம் கிடையாது. பயிற்சிக் காலம் குறைந்தது மூன்று மாதம், தேவையானால் இரண்டு ஆண்டுவரை நீளலாம் என்று விதிகள் சொல்கின்றன. பள்ளி வளாகத்திலோ பாதுகாப்பான உறைவிடத்திலோ அதை நடத்தலாம். பள்ளியில் ஏற்கெனவே பணியாற்றும் ஆசிரியரோ, இதற்கென்றே அமர்த்தப்பட்டவரோ கற்பிக்கலாம். குழந்தைத் தொழிலாளர்களுக்காக 1988இல் தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தின் பயிற்சி மையங்களும் 2021 முதல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்குள் (சமக்ர சிக்ஷா) வந்துவிட்டன.

சட்டம் சொல்லும் 'வயதுக்கேற்ற வகுப்பு' என்பதுதான் புதிதாக வருபவரை முதலில் திகைக்க வைக்கும். கிடையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த 11 வயதுப் பையனின் பெயர் ஆறாம் வகுப்புப் பதிவேட்டில் இருக்கும். அவனுக்கு 'அ' எழுத வராது. உடனே ஆறாம் வகுப்புப் பாடநூலைத் திறப்பதும் தவறு, ஒன்றாம் வகுப்புச் சிறுவர்களோடு உட்கார வைப்பதும் தவறு. கிடையில் தலை எண்ணிப் பழகியவனுக்குக் கூட்டல் தெரியும், கூட்டல் குறிதான் தெரியாது. எங்கே தெரிந்தது முடிந்து தெரியாதது தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதே முதல் வாரத்து வேலை. அதற்குத் தாளில் எழுதும் தேர்வைவிட உட்கார வைத்துப் பேசுவது நல்லது. மொழியும் ஒரு தடை. நரிக்குறவர் வீட்டுப் பிள்ளை வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. பூம்பூம் மாட்டுக்காரர் வீட்டில் தெலுங்கு கலந்த பேச்சு. பாடநூல் தமிழ் அவர்களுக்கு இரண்டாம் மொழி என்பதை மறந்துவிட்டு 'மந்தமான பிள்ளை' என்று முடிவுகட்டுவது நம் அவசரமே அன்றி அவர்கள் குறை அன்று.

உணவு விஷயத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. பெயர் பதிவேட்டில் ஏறிய பிள்ளைக்கு மதிய உணவு உண்டு. ஆனால், 25.8.2023 அன்று நாகை மாவட்டம் திருக்குவளையில் தொடங்கி மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரைக்கானது. வயதைப் பார்த்து ஆறாம் வகுப்பில் சேர்க்கப்பட்ட நம் பையன் அதற்கு வெளியே நிற்கிறான். காலை பத்து மணிக்கு அவன் கவனம் ஏன் சிதறுகிறது என்று கேட்கும் முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அடிப்பதும் மனம் புண்படப் பேசுவதும் அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்டவை. சாதிப் பெயரையோ தொழில் பெயரையோ வைத்து அழைப்பதும் இதில் அடங்கும் என்றே நான் கொள்கிறேன்.

பணியமர்வு பற்றிச் சுருக்கமாக: 2022இல் அரசுப் பள்ளிகளின் காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்ப அரசு ஆணையிட்டபோது இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாயும் பட்டதாரி ஆசிரியருக்கு 10,000 ரூபாயும் மதிப்பூதியமாக அறிவிக்கப்பட்டன, பின்னர் தொகை உயர்த்தப்பட்டது. ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றவர்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது. சிறப்புப் பயிற்சி பெறும் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இப்படி வருபவருக்கும் மேலே சொன்னவை எல்லாம் பொருந்தும்.

ஆணை பணியிடத்தைத் தருகிறதே தவிர ஆயத்தத்தைத் தருவதில்லை. எனவே கேட்டுப் பெற வேண்டும். ஒன்றிய அளவில் பள்ளிகளுக்குத் துணைநிற்கும் வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநரிடம் சிறப்புப் பயிற்சிக்கான பாடப் பொருள்களையும், விடுப்பில் செல்லும் ஆசிரியரிடம் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் அரைப்பக்கக் குறிப்பையும் கேளுங்கள்: குடும்பம் எந்த மாதம் எங்கே போகும், யார் வந்தால் பிள்ளை பேசும், எந்தப் பாடத்தில் எங்கே நிற்கிறது. குருக்கத்தியிலும் மன்னார்குடியிலும் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் ஒரு நாள் செலவிட்டு ஆலோசனை பெற முடிந்தால் அதுவும் வீண்போகாது.

குடும்பம் கிளம்பும் நாள் வரத்தான் செய்யும். அப்போது கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவை நினைவில் வையுங்கள். வேறு ஊருக்கோ வேறு மாநிலத்துக்கோ போகும் பிள்ளைக்குத் தலைமை ஆசிரியர் உடனே மாற்றுச் சான்றிதழ் வழங்க வேண்டும். சான்றிதழ் தாமதமானாலும் அதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. சான்றிதழோடு உங்கள் அரைப்பக்கக் குறிப்பின் படியையும் பிள்ளையின் பையில் வைத்து அனுப்பினால், அடுத்த ஊர் ஆசிரியர் மறுபடி 'அ'விலிருந்து தொடங்க வேண்டியதில்லை.